மாதவரத்து மனையும் தொலைந்துபோன அசல் பத்திரமும்

வாசகர் கேள்வி: தண்டையார்பேட்டையில் பல ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர் மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தோடு என் நகைகளையும் சேர்த்து, மாதவரம் பால்பண்ணைக்கு அருகே அரை கிரவுண்டு மனை ஒன்றை 42 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். அக்கம்பக்கத்தில் இதே அளவு மனை 60 லட்சத்துக்குக் குறைவில்லை. மனையை 1986-இல் வாங்கியவர் இறந்துவிட்டார். பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மும்பையில் மகளோடு வசிக்கும் அவருடைய மனைவி 2019-இல் எழுதிக்கொடுத்த பவரை (தன் சார்பில் விற்க அதிகாரம் தரும் பத்திரத்தை) வைத்து வேறொருவர் விற்கிறார். அசல் பத்திரம் தொலைந்துவிட்டது என்று சொல்லி, காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான ரசீதைக் காட்டுகிறார்கள். மனை மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றை 2008 முதல் எடுத்துப் பார்த்ததில் எதுவும் இல்லை. 50 ஆயிரம் டோக்கன் கொடுத்துவிட்டோம். வேறு பார்ட்டி தயாராக இருக்கிறது, இந்த வாரமே 5 லட்சம் ரொக்கமாகக் கொடுத்து 20 ரூபாய் பத்திரத்தில் அக்ரிமெண்ட் போட்டுவிடுங்கள், பதிவு நிச்சயம் ஆகிவிடும் என்கிறார் தரகர். என் கொழுந்தனாரோ, பழைய வண்ணாரப்பேட்டையில் அடிமனை இல்லாமல் கட்டடம் மட்டும் மலிவாக வருகிறது, அதை வாங்குங்கள் என்கிறார். எது பாதுகாப்பு?

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இன்று இருக்கும் நிலையில் இந்த மாதவரத்து மனைக்கு மேற்கொண்டு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். மனையே மோசடி என்று நான் முடிவு கட்டவில்லை. உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அனைத்தும் உண்மையாகவே இருந்தாலும், அந்த அம்மையார் நேர்மையானவராகவே இருந்தாலும், இப்போது விற்க முன்வந்திருப்பவரால் அந்த மனையை முழுமையாக உங்களுக்கு விற்க முடியாது.

பதிவு நிச்சயம் ஆகிவிடும் என்று தரகர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பதிவு ஆகிவிடக்கூடும். பதிவு ஆவது வேறு, உரிமை வருவது வேறு என்பதை நம் மக்களில் பலர் கவனிப்பதில்லை. சார்பதிவாளர் அலுவலக முத்திரை விழுந்துவிட்டால் அரசாங்கமே சொத்துக்குப் பொறுப்பேற்றுக்கொண்டதாக நினைத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-அ என்ற விதியின் ஒரு பகுதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தபோது, விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்பதைத் தெளிவாகவே கூறியது. கையொப்பமிட்டவர் ஒப்புக்கொண்டாரா, முத்திரைத் தீர்வையும் கட்டணமும் செலுத்தப்பட்டனவா, சட்டம் தடை செய்த வகைச் சொத்தா என்பன போன்றவற்றைப் பார்ப்பது அவர் வேலை. உரிமையைச் சரிபார்ப்பது வாங்குகிறவரின் வேலை.

உங்கள் மனையில் முதல் சிக்கல் வாரிசுரிமை. 1986-இல் வாங்கியவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி மட்டும் அந்த மனைக்கு உரிமையாளர் ஆகிவிடவில்லை. மகன்கள், மகள்கள் ஒவ்வொருவருக்கும் மனைவிக்குச் சமமான பங்கு உண்டு. இறந்தவருடைய தாயார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. இந்தத் தாயாரின் பங்கைப் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தாயார் பிறகு காலமாகியிருந்தால் அவருடைய பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அதாவது இறந்தவரின் அண்ணன் தம்பிகளும் அக்கா தங்கைகளும் ஒரு நாள் வழக்கோடு வந்து நிற்க இடம் இருக்கிறது. அந்த அம்மையாருக்கு மும்பையில் ஒரு மகள் இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மகள் பவரில் கையொப்பமிட்டிருக்கிறாரா? இல்லையென்றால், அம்மையார் கொடுத்த பவரைக் கொண்டு அவருடைய பங்கை மட்டுமே விற்க முடியும். மிச்சப் பங்குக்கும் சேர்த்து நீங்கள் 42 லட்சம் கொடுத்துவிட்டு, பாகப்பிரிவினை வழக்கில் பிரதிவாதியாக நிற்பீர்கள்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியவை இறப்புச் சான்றும், வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றும். வாரிசுச் சான்றில் பெயர் விடுபட்டவருக்கு உரிமை போய்விடாது என்பதால், அதோடு நின்றுவிடாமல் குடும்பத்தை அறிந்த இரண்டொருவரிடம் விசாரிப்பதும் அவசியம். உயில் இருக்கிறது என்று சொன்னால் அதன் அசலையும், நீதிமன்றத்தில் ப்ரொபேட், அதாவது உயில் மெய்யானது என்ற சான்று, பெறப்பட்டதா என்பதையும் உங்கள் வழக்கறிஞர் பார்க்கட்டும். பட்டா இறந்தவர் பெயரிலேயே இருப்பது தனியாக ஒரு குற்றம் அன்று. பட்டா வருவாய்த் துறையின் பதிவே தவிர உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. ஆனால் இத்தனை ஆண்டுகளாக வாரிசுகள் யாரும் பெயர் மாற்றக் கேட்கவில்லை என்றால், அவர்களுக்குள் ஏதோ தீராமல் இருக்கிறது, அல்லது அப்படி ஒரு மனை இருப்பதே சிலருக்குத் தெரியாது என்று நான் சந்தேகப்படுவேன்.

அடுத்தது பவர். பொதுவாக, பவர் எழுதிக்கொடுத்தவர் இறந்தால் அந்தப் பவரும் முடிந்துவிடும். உயிரோடு இருக்கும்போதே அவர் அதை ரத்து செய்துவிடவும் முடியும். 2019-இல் பவர் எழுதிக்கொடுத்த முதிய அம்மையார் இன்றும் உயிரோடு இருக்கிறாரா, இந்த விற்பனை அவருக்குத் தெரியுமா, பேசிய விலை எவ்வளவு என்று அவர் அறிவாரா என்பதையெல்லாம் பவர் ஏஜெண்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது பயனற்றது. தமிழ்நாட்டில் பவர் ஏஜெண்ட் பத்திரம் எழுதிக்கொடுக்கும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு மருத்துவரின் உயிர்வாழ் சான்று கேட்கும் நடைமுறை இருக்கிறது. அந்தச் சான்றைக் கொண்டு வருபவரும் அதே ஏஜெண்ட்தான். எனவே நீங்களோ உங்கள் சார்பில் நம்பிக்கையான ஒருவரோ அந்த அம்மையாரை நேரில் பார்க்க வேண்டும். மும்பை சென்று வர ஆகும் ரயில் கட்டணம் 42 லட்சத்தின் முன்னே ஒன்றுமில்லை. வீடியோ அழைப்பில் ஒரு முதியவரைக் காட்டினால் அதை ஏற்காதீர்கள். நீங்கள் இதுவரை பார்த்திராத ஒருவரை அடையாளம் காட்ட அந்த அழைப்பால் முடியாது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 'பவர் ஏஜெண்ட் அந்த அம்மையாருக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டார், மனை இப்போது அவருடையது மாதிரிதான்' என்று பேச்சு வந்தால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பவரும் பணமும் கைமாறியதால் சொத்து கைமாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் ஒன்றே உரிமையை மாற்றும் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்பளித்துவிட்டது. எல்லாம் சரியென்று தெரிந்து வாங்குவதாக முடிவு செய்தாலும், பவரை ஒதுக்கி வைத்துவிட்டு எல்லா வாரிசுகளும் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும் என்று கேளுங்கள். நேர்மையான குடும்பம் ஒரு நாள் சென்னைக்கு வந்து போவதைப் பெரிய சுமையாக நினைக்காது.

ஆள்மாறாட்டக்காரர்கள் தேர்ந்தெடுக்கும் மனைகளுக்கு ஒரு சாயல் உண்டு: பல ஆண்டுகளுக்கு முன் வாங்கியது, வேலி இல்லாமல் காலியாகக் கிடப்பது, உரிமையாளர் முதியவர் அல்லது வெளியூர்க்காரர், பழைய பத்திரத்தில் புகைப்படம் கிடையாது. புகைப்படம் இல்லாத 1986 பத்திரத்தின் சொந்தக்காரர் தானே என்றோ, அவருடைய மனைவி தானே என்றோ சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து நின்றால், அதை மறுக்க அந்தப் பத்திரத்தில் பெரிதாக எதுவும் இல்லை. உங்கள் மனை இந்தச் சாயலோடு அப்படியே பொருந்துகிறது. விலை 18 லட்சம் குறைவாக இருப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

வில்லங்கச் சான்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2008 முதல் எதுவும் இல்லை என்பதில் மகிழ ஒன்றுமில்லை. 1986-இல் வாங்கிய மனைக்கு 2008-இலிருந்து ஏன் பார்க்க வேண்டும்? பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975 முதலான வில்லங்க விவரங்களைப் பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவகத்தில் கையால் தேட மனு கொடுக்கலாம். குறைந்தது 1975-இலிருந்து போட்டுப் பார்த்தால்தான், 1986-இல் இந்த மனையை விற்றவர் யார், அவருக்கு எப்படி வந்தது, அவர் இதே மனையை வேறொருவருக்கும் விற்றாரா என்பது தெரியும். சான்று, நீங்கள் கொடுத்த சர்வே எண்ணுக்கு மட்டுமே பதில் சொல்லும். உட்பிரிவு செய்யப்பட்டதற்குப் பிந்தைய புதிய எண்ணை மட்டும் கொடுத்தால், பழைய எண்ணில் பதிவான அடமானமும் கிரயமும் அதில் தெரியாமலே போகலாம். புரோக்கர் எடுத்துத் தரும் 'சுத்தமான' சான்றுகளில் பல இந்த வழியில்தான் சுத்தமாகின்றன. பழைய சர்வே எண், புதிய எண், நகர அளவை எண், மனை எண் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். சான்று எடுக்க யாருடைய தயவும் வேண்டியதில்லை, நீங்களே எடுக்கலாம்.

வடசென்னைப் புறநகரில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. 1986-இல் மாதவரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது. 2011-இல் மாதவரம், மணலி, திருவொற்றியூர், கத்திவாக்கம் ஆகியவை சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. 2018-இல் மாதவரம் வட்டமே சென்னை மாவட்டத்துக்கு வந்தது. இடையில் பல கிராமங்கள் ஒரு சார்பதிவகத்திலிருந்து வேறொன்றுக்கு மாற்றப்பட்டும் இருக்கின்றன. எனவே உங்கள் மனை அடங்கிய கிராமம் எந்த ஆண்டு வரை எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று கேட்டறிந்து, எல்லா அலுவலகங்களின் காலத்துக்கும் தேட வேண்டும். பத்திரத்தில் மாவட்டத்தின் பெயர் வேறாக இருப்பது கண்டு அஞ்ச வேண்டாம். 1986 பத்திரம் என்று சொல்லப்படுவதில் திருவள்ளூர் மாவட்டம் என்று இருந்தால்தான் அஞ்ச வேண்டும், ஏனெனில் அப்போது அப்படி ஒரு மாவட்டமே கிடையாது. இத்தகைய தவறுகள் போலிப் பத்திரங்களில் உண்மையிலேயே வருகின்றன. ஆகையால் அவர்கள் கொடுத்த ஜெராக்ஸை வைத்து எதையும் முடிவு செய்யாமல், சார்பதிவகத்தில் 1986 பத்திரத்தின் சான்றளிக்கப்பட்ட நகலை நீங்களே மனு போட்டு வாங்கி, வரிக்கு வரி ஒப்பிடுங்கள்: நான்கெல்லை, அளவு, மனை எண், சாட்சிகள், ஆவண எண்.

வில்லங்கச் சான்று நீதிமன்ற வழக்குகளையும் பெரும்பாலும் காட்டாது. வழக்கு நடக்கும்போது வாங்குகிறவர், சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, அந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். நீதிமன்றங்களின் இணையதளத்தில் குடும்பத்தினர் ஒவ்வொருவர் பெயரிலும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொலைந்துபோன அசல் பத்திரத்துக்கு வருவோம். உங்களிடம் காட்டியது புகார் மனு ஏற்றதற்கான ரசீது. புகார் கொடுத்தால் யாருக்கும் அது கிடைக்கும். காவல் துறை விசாரித்து, ஆவணம் கிடைக்கவில்லை என்று தரும் சான்று வேறு. அதுவும்கூட பத்திரம் உண்மையில் தொலைந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் ஆகாது. அசல் பத்திரம் தொலைவதைவிட, எங்கேயோ அடமானத்தில் இருப்பதுதான் அதிகம். பத்திரத்தைக் கொடுத்துவிட்டு அவசரத்துக்குப் பணம் புரட்டுவது நம் பகுதியில் தலைமுறைப் பழக்கம். சென்னை போன்ற நகரங்களில் கடனுக்கு ஈடாக உரிமைப் பத்திரத்தை ஒப்படைத்தாலே சட்டப்படி அது அடமானம் ஆகிவிடும். எழுதிப் பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் வரும், வாய்ப்பேச்சாகக் கொடுத்திருந்தால் வராது. வங்கிக் கடன் என்றால் செர்சாய் எனப்படும் மத்தியப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். தனியாரிடம் இருந்தால் அதிலும் வராது. அதற்கு இருக்கும் ஒரே வழி, உங்கள் வழக்கறிஞர் பெயரில் தமிழ், ஆங்கில நாளிதழ்கள் இரண்டிலும் அறிவிப்புக் கொடுத்து, உரிமை கோருவோர் குறிப்பிட்ட நாட்களுக்குள் தெரிவிக்கும்படி கேட்பது. விற்பவர் கொடுத்த பழைய அறிவிப்பின் கத்தரிப்பு போதாது, நீங்கள் கொடுங்கள். அறிவிப்பு வரப் போகிறது என்று சொன்னவுடன் தரகரின் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் கவனியுங்கள்.

மனையை நேரில் அளக்காமல் வாங்கக் கூடாது. காட்டியது ஒரு மனை, பத்திரத்தில் இருப்பது வேறொரு மனை என்ற ஏமாற்று, வரிசையாகக் காலி மனைகள் கிடக்கும் இடங்களில் எளிது. நிலத்தின் அளவை வரைபடமான புலப்படத்தின் நகலை வைத்துக்கொண்டு சர்வேயர் ஒருவரை அழைத்து எல்லை காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டாரிடம் இது யாருடைய மனை என்று தரகர் இல்லாத நேரத்தில் கேளுங்கள். அங்கே யாராவது குடிசை போட்டோ, வண்டி நிறுத்தியோ இடத்தைக் கைவசம் வைத்திருந்தால், அவருக்கு என்ன உரிமை என்று கேட்காமல் வாங்கியவரைச் சட்டம் 'தெரியாமல் வாங்கியவர்' என்று ஏற்பதில்லை. லேஅவுட் அங்கீகாரத்தையும் பாருங்கள்: அந்தக் காலத்துப் 'பஞ்சாயத்து அப்ரூவல்' அங்கீகாரம் ஆகாது, சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எண் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவானதை மறுபடி விற்க, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்வதற்கான தடை குறுக்கே நிற்காது என்றாலும், வரன்முறைப்படுத்தாத மனையில் வீடு கட்ட அனுமதி கேட்கும்போது சிக்கல் வரும். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, மெட்ரோ அல்லது சாலைத் திட்டங்களின் நில எடுப்பு இவற்றில் மனை அடங்குகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் முறையில் தரகர் சொன்ன இரண்டுமே தவறு. சொத்துப் பரிமாற்றத்தில் முன்பணமாக 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிய விற்பனை ஒப்பந்தமும் உங்களைக் காப்பாற்றாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தங்களைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறும். அதன் பிறகு இதே மனையை இன்னொருவருக்குக் காட்டுவது அவர்களுக்குக் கடினம். பணம் வங்கி வழியாக, உரிமையாளர்களின் சொந்தக் கணக்குக்கு மட்டும் போக வேண்டும். பவர் ஏஜெண்டின் கணக்குக்கோ தரகரின் கணக்குக்கோ அன்று.

உங்கள் கொழுந்தனார் சொல்லும் பழைய வண்ணாரப்பேட்டை யோசனையில் ஏமாற்று இல்லாமல் இருக்கலாம், ஆனால் நீங்கள் வாங்குவது நிலம் அன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். அடிமனை ஒரு கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ தனியாருக்கோ சொந்தமாக இருக்க, மேலே உள்ள சுவரும் கூரையும் மட்டும் கைமாறும் விற்பனைகள் அந்தப் பகுதியில் பல காலமாக நடக்கின்றன. நிலத்தின் சொந்தக்காரர் தனியார் என்றால், 1921-ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் சில நிபந்தனைகளோடு கட்டடம் கட்டியவருக்கு நிலத்தை விலைக்குக் கேட்கும் வழியைத் தந்தது. ஆனால் வாங்கியவருக்கு அது பொருந்துமா என்பது பழைய ஆவணங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. சமய நிறுவனங்களின் நிலத்துக்கு அந்தச் சலுகையை 1996-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையரின் ஒப்புதல் இல்லாமல் யார் விற்றாலும் செல்லாது. அடிமனை வாடகை ரசீது யார் பெயரில் இருக்கிறது, பாக்கி எவ்வளவு, புதியவரை வாடகைதாரராக ஏற்க நிலத்தின் சொந்தக்காரர் எழுத்தில் ஒப்புக்கொள்கிறாரா என்று தெரியாமல் அதில் பணம் போட வேண்டாம். குடியிருக்க மலிவான இடம் என்ற அளவில் யோசிக்கலாம். பிள்ளைகளுக்குச் சொத்து என்ற எண்ணத்தில் அதை வாங்கக் கூடாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் உங்களுக்கு இல்லை.

இவ்வளவு முன்னெச்சரிக்கை எதற்கு, ஏமாந்தால் புகார் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்துகொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். மோசடிப் பத்திரங்களை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று தமிழ்நாடு அரசு 2022-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது உண்மை. அந்த 77-அ பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்துவிட்டது. காவல் துறையின் மத்தியக் குற்றப் பிரிவில் நில மோசடிக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே புகார் கொடுத்தால் குற்றவாளி கைதாகக்கூடும், ஆனால் கொடுத்த பணம் திரும்புவது அதோடு நடந்துவிடுவதில்லை. மேலும், மோசடி நடந்த மனையில் நீங்கள் வாங்கியவராக இருக்கும்போது உண்மையான உரிமையாளர் உங்கள் மீதே வழக்குப் போடுவார் என்பதையும் மறக்காதீர்கள்.

கொடுத்துவிட்ட 50 ஆயிரத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பணம் போய்விடுமே என்ற எண்ணம்தான் மேலும் 5 லட்சத்தைக் கொடுக்கத் தூண்டுகிறது என்று உங்கள் கடிதத்தின் போக்கிலிருந்து எனக்குப் படுகிறது. யாரிடம், எந்தத் தேதியில், எதற்காகக் கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, ரசீது இருந்தால் அதன் நகலோடு, அந்தத் தரகருக்கும் பவர் ஏஜெண்டுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதிலேயே, வாரிசுச் சான்று, 1975 முதலான வில்லங்கச் சான்று, எல்லா வாரிசுகளின் நேரடி ஒப்புதல், காவல் துறையின் கண்டறிய இயலாச் சான்று ஆகியவை 15 நாட்களுக்குள் கிடைத்தால் மேற்கொண்டு பேசத் தயார் என்றும், இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் குறிப்பிடுங்கள். ரசீது எதுவும் இல்லையென்றால், பணம் வாங்கியதை அவர்கள் ஒப்புக்கொள்ளும்படி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பிப் பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். அதை இன்றே செய்துவிடுங்கள், கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள் பதில் எழுதுவதில் கவனமாகிவிடுவார்கள்.